மூத்த மாப்பிள்ளையின் பிரேக்

என் மாமனார் சடையப்பன் உயிரோடு இருந்தவரை இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே தராசுதான். தீபாவளிக்கு எனக்கு ஒரு வாட்ச் வாங்கினால் அதே கம்பெனியில், அதே பட்டையில் சிதம்பரத்துக்காரருக்கும் ஒன்று வாங்குவார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரி வைத்திருந்தவர். எடை போட்டுப் பழகிய மனுஷர். 2006 ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தபோது நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்து எழுதியிருந்தார், நகையைப் பிரித்திருந்தார், வீட்டை மாமியார் ரத்தினம்மாள் பேரில் விட்டிருந்தார். பிரிக்க முடியாமல் மிஞ்சியது 1974-ஆம் வருஷத்து அம்பாசடர் கார் ஒன்று. அதற்கும் வழி சொல்லியிருந்தார். ஒரு தமிழ் மாசம் மூத்த மாப்பிள்ளைக்கு, அடுத்த மாசம் இளைய மாப்பிள்ளைக்கு. அவரவர் மாசத்துச் செலவு அவரவருக்கு.

மூத்த மாப்பிள்ளை நான். பேர் தேவநாதன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு, தனியார் ஐ.டி.ஐ. ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக ஃபிட்டர் பாடம் நடத்துகிறேன். என் மனைவி சௌந்தரம். அவள் தங்கை திலகவதியைக் கட்டியவர் சிற்றம்பலம், சிதம்பரம் மேல வீதியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவர். எனக்குச் சகலை. அண்ணன் தம்பியாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு ஆயுசுக்கும் பேசாமல் இருந்துவிடலாம். சகலையோடு அது நடக்காது. இரண்டு பேருக்கும் மாமியார் வீடு ஒன்று.

சித்திரை எனக்கு, வைகாசி அவருக்கு என்று ஆரம்பித்து எண்ணிப் பார்த்தால், சிதம்பரத்தின் இரண்டு பெரிய விசேஷங்களும், ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும், என் மாசங்களில் விழுந்தன. எங்கள் ஊர் மாசி மகமும் எனக்கே. ஐப்பசி என்பதால் தீபாவளியும் எனக்கு. தைப் பொங்கலை விட்டால் அவருக்கு வாய்த்தவை ஆடியும் புரட்டாசியும். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு விவரம் பத்தாது என்று நினைத்துக்கொண்டேன்.

கார் நாலு வருஷமாக மாமனாரின் லாரி கொட்டகையில் கிடந்தது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சும் பொரித்திருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் காலடியில் வந்தது. என்ஜின் ஓடியபோது வண்டி முன்னால் போனதைவிடப் புகை பின்னால் போனது ஜாஸ்தி. நான் பயப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்வதுதான் வேலை என்று ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். என் சம்பளத்துக்குள் இந்த வண்டியை எழுப்பி நிறுத்திக் காட்டுகிறேன் என்று சௌந்தரத்திடம் சொன்னேன். அவள், சம்பளத்துக்குள் வீட்டை முதலில் நடத்திக் காட்டுங்கள் என்றாள்.

ஒரு வருஷம். பிஸ்டன் ரிங் மாற்றினேன், வால்வு தேய்த்தேன், முன் சக்கரத்தின் கிங் பின் புஷ் அத்தனையும் மாற்றினேன். பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, நொறுங்கிப்போன மாருதி ஒன்றிலிருந்து ஆல்டர்னேட்டர் வாங்கி, அதற்குத் தாங்கியை நானே வெல்டிங் வைத்துப் பொருத்தினேன். ரயில்வே லைனை ஒட்டிப் பட்டறை வைத்திருக்கும் மரிய அருள் எனக்குத் துணை. என் ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய பட்டறைப் பள்ளத்தில் போயின. மாதா கோயில் காலைப் பூசை முடித்துவிட்டு வரும் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளும் என்னால் கெட்டன.

மாசம் பிறந்ததும் வண்டியை நெல்லிக்குப்பத்துக்குக் கொண்டுபோய் மாமியார் வீட்டில் கைமாற்றுவது வழக்கம். அன்று இரண்டு குடும்பத்துக்கும் அங்கே சாப்பாடு. நான் நல்ல என்ஜினாகக் கொண்டுபோய் விடுவேன். சிற்றம்பலம் ஒரு மாசம் வைத்திருந்து முத்து வெள்ளை பெயின்ட்டாகக் கொண்டுவருவார். அடுத்த தடவை வெல்வெட் சீட். அதற்கடுத்து, பாட்டுப் பாடும் ஹார்ன், பென் டிரைவ் சொருகும் பிளேயர், டேஷ்போர்டில் நீல விளக்கு சுற்றி எரியும் நடராஜர். எல்லாம் சல்லிசாகப் பிடித்ததுதான். பாண்டிச்சேரியில் யாரோ கல்யாண மண்டபத்துக்காக வாங்கி மிஞ்சிய வெல்வெட் அது. ஆனால் தெருவே திரண்டு வந்து பார்த்தது.

"யாரு செஞ்சது?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள்.

"எங்க சின்ன மாப்ளதான்," என்பார் ரத்தினம்மாள்.

கிங் பின் புஷ்ஷைக் குனிந்து பார்த்துப் பாராட்டிய ஒரு மனுஷரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைத்துப் பேச என்ன இருக்கிறது.

2007 புரட்டாசி முடிந்து வண்டி என் கைக்கு வந்தபோது பானட்டைத் திறந்தேன். என்ஜினுக்குச் சில்வர் பெயின்ட் அடித்திருந்தார். நான் வால்வு தேய்த்த என்ஜின், அதன் தலையில் சில்வர் பெயின்ட். உள்ளே போய் இலையில் உட்கார்ந்தேன், சாம்பார் ஊற்றியிருந்தார்கள். நான் எழுந்து கையைக் கழுவிவிட்டேன். மூத்த மாப்பிள்ளை சோற்றிலிருந்து எழுந்தால் அந்த வீட்டில் அது சாவு விழுந்ததற்கு அடுத்தபடி. ரத்தினம்மாள் ஒரு வாரம் அழுதிருக்கிறார். அதற்குப் பிறகு அவரே ஓர் ஏற்பாடு சொன்னார். கண்ணுக்குத் தெரிவது சின்னவர் பொறுப்பு, தெரியாதது பெரியவர் பொறுப்பு.

"பெரியவரு கை வச்ச எடத்துல நீங்க கை வெக்காதீங்க மாப்ள," என்று என் எதிரிலேயே சிற்றம்பலத்திடம் சொன்னார்.

"வெக்கல அத்தை," என்றார் அவர்.

அந்த ஏற்பாட்டில் நான் ஜெயித்ததாக நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், யாரும் பார்க்காத பாகம் முழுவதையும் எனக்கு நானே எழுதி வாங்கியிருந்தேன்.

2008 ஐப்பசியில் பிரேக் கசிந்தது. மாஸ்டர் சிலிண்டர் அந்த வண்டியில் டிரைவர் காலுக்கு நேர் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கும். பெடலை மிதித்தால் அதுதான் எண்ணெயை நாலு சக்கரத்துக்கும் தள்ளி வண்டியை நிறுத்துவது. மரிய அருள் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள கீறல் விழுந்துடுச்சி சார். புதுசு போட்டுருங்க. பிரேக் விஷயம்."

சரண்யா, என் பெண், ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பாடத்துக்கு டியூஷன் பணம் கட்டிய மாசம் அது. ஆனால் பணத்தை மட்டும் காரணம் சொன்னால் பொய். புதுசு வாங்கிப் போட எவனுக்கும் தெரியும். பழசைப் பிழைக்க வைக்கிறவன்தான் ஃபிட்டர் என்று எனக்குள் ஒரு திமிர். சிலிண்டரை ஐ.டி.ஐ.க்குக் கொண்டுபோய் லேத்தில் பிடித்து, உட்பக்கத்தை நைஸ் எமரி தாளால் தேய்த்தேன். இருபது மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கீறல் போய்விட்டது என்று அவர்களிடம் சொன்னேன். ரப்பர் வாஷர் கிட் ஒன்றைப் பழைய சாமான் கடையில் விலை பேசி வாங்கி மாட்டினேன். அருள் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்.

பெடலை இரண்டு தரம் மிதித்தால் பிடித்தது.

"ஏன் ரெண்டு தரம் மிதிக்கிறீங்க?" என்று சௌந்தரம் கேட்டாள்.

"புது ரப்பரு. செட்டாகணும்."

கார்த்திகையில் வண்டி சிதம்பரம் போனது. மார்கழியில் திரும்பி வந்தது. வழக்கம்போலக் கோணியை விரித்து அடியில் படுத்து எல்லாவற்றையும் பார்த்தேன். வண்டி கைக்கு வரும்போதெல்லாம் அப்படிப் பார்ப்பேன். ஏற்பாட்டை மீறி எதிலாவது கை வைத்திருக்கிறாரா என்று. சிலிண்டர் அதே கிரீஸும் மண்ணுமாக இருந்தது. திருப்தியோடு எடுத்து ஓட்டினேன். பெடல் கல் மாதிரி நின்றது. ஒரே மிதியில் பிடித்தது. எனக்கு மார்பு நிறைந்துபோனது. மறுநாள் வகுப்பில், ரப்பருக்கு அவகாசம் கொடுக்க வேண்டும், அவசரக்காரன் ஃபிட்டர் ஆக முடியாது என்று முக்கால் மணி நேரம் பேசினேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

தை மாசம் சிற்றம்பலத்துக்கு. அந்தத் தையில் சிதம்பரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். அவர் முந்தின நாளே வண்டியோடு வந்து, நெல்லிக்குப்பம் போய் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டில் தங்கினார். திலகவதியும் வந்திருந்தாள். காலையில் கிளம்பினோம். அவர் ஓட்ட, நான் முன்னால். பின்னால் மாமியார், அக்காள், தங்கை, சரண்யா. பட்டுப் புடவை கசங்குகிறது என்ற பேச்சு ஆலப்பாக்கம் வரைக்கும் ஓடியது.

புதுச்சத்திரம் தாண்டி, பக்கத்து மண் ரோட்டிலிருந்து ஒரு டிராக்டர் கரும்பு பாரத்தோடு ஏறி வந்தது. நடு ரோட்டுக்கு வந்ததும் என்ஜின் அணைந்துபோய் டிரெய்லர் குறுக்கே நின்றுவிட்டது. நாங்கள் அறுபதுக்கு மேல் போய்க்கொண்டிருந்தோம். சிற்றம்பலம் மிதித்தார். டயர் கிறீச்சிட்டது, சரண்யா கத்தியது காதில் விழுந்தது, எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது கரும்புத் தோகை முன் கண்ணாடியை உரசிக்கொண்டிருந்தது. டிரெய்லருக்கும் பானட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்.

இறங்கினோம். சரண்யா அழுதாள். அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. டிராக்டர்காரன் ஓடி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"நல்ல வேளைங்க. பெயின்ட்ல ஒரு கோடு கூட விழல," என்றான்.

ரத்தினம்மாள் காருக்குள் எட்டிப் பார்த்து, நீல விளக்குக்கு நடுவில் இருந்த நடராஜரைக் கும்பிட்டார். "அப்பனே, நீதான்டா எங்க உசுர காப்பாத்துன. சின்ன மாப்ள எந்த நேரத்துல ஒட்டி வச்சாரோ." திலகவதி, முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைக் காட்டி, அதையும் இவர்தான் நேற்றுப் புதுசாக மாற்றினார் என்றாள்.

என் கை கால் எல்லாம் உதறிக்கொண்டிருந்தது. ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அத்தை, நிறுத்துனது நடராஜர் இல்ல. பிரேக்கு. ஐப்பசியில நான் என் கையால தேச்சிப் போட்ட பிரேக்கு. அது இல்லாட்டி இந்நேரம் அத்தன பேரும் கரும்புக்குள்ள இருந்திருப்போம்."

எல்லோரும் சிற்றம்பலத்தைப் பார்த்தார்கள். ஓட்டியவர் அவர்தானே. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். என் முகத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"ஆமாங்க அத்தை," என்றார். "சகல போட்ட பிரேக்குதான்."

இரண்டரை வருஷம் காத்திருந்து கிடைத்த வார்த்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண மண்டபத்தில் அந்தக் கதையை நான் பதினோரு பேருக்குச் சொன்னேன். பந்தி முடிவதற்குள் வண்டியின் வேகம் எண்பதாகியிருந்தது, ஒரு சாண் நாலு விரற்கடையாகச் சுருங்கியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து, என் வண்டிக்கும் பார்த்துக் கொடுங்கள் என்றார். சிற்றம்பலம் பக்கத்தில் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வாரம் முடிவதற்குள் ரத்தினம்மாள் சொல்லியனுப்பிவிட்டார். இத்தனை பேர் உயிரைக் காப்பாற்றினவருக்குத்தான் வண்டி. மாசக் கணக்கெல்லாம் இனிமேல் வேண்டாம். வண்டி முழுசும் பெரியவர் பேருக்கு. மாசி கடைசியில் சாப்பாடு, அன்றைக்கே பேர் மாற்றும் பாரத்தில் கையெழுத்து. சிற்றம்பலத்துக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு, "அதுதான் நியாயம்" என்றாராம். மாமனார் காலத்திலிருந்து அந்த வீட்டில் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது அன்றுதான். அதுவும் என் பக்கம்.

பேர் மாற்றுவதற்கு முன்னால் வண்டியை எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். மாசி நடுவில் மரிய அருள் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பள்ளத்துக்கு மேல் நிறுத்தினேன். அடிப்பாகத்துக்கு வாட்டர் சர்வீஸ் செய்துவிட்டு அவர் விளக்கோடு உள்ளே இறங்கினார். நான் மேலே நின்று, வந்திருந்த இன்னொருவரிடம் டிராக்டர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சார், செத்த கீழ வாங்க," என்றார் அருள்.

இறங்கினேன். அவர் மாஸ்டர் சிலிண்டரைத் துணியால் துடைத்து விளக்கைக் காட்டினார். புத்தம் புதுசு. வார்ப்பில் கம்பெனி முத்திரை எழும்பி நின்றது. பக்கத்தில் கடையில் ஒட்டிய காகித லேபிளின் பாதி, கிரீஸுக்கு அடியில் இருந்ததால் கிழியாமல் இருந்தது.

"இது நம்ம போட்டது இல்ல சார்."

"தெரியுது."

"யாரோ வேணும்னே கிரீஸ் பூசி மண்ண அப்பியிருக்காங்க. தானா புடிச்ச அழுக்கு இப்படி இருக்காது." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். "நல்ல காரியம்தான் செஞ்சிருக்காங்க. நம்ம வாஷரு அன்னிக்கி தாங்கியிருக்காது சார். எனக்கு அப்பவே மனசு சரியில்ல."

மேலே இருந்தவர், அப்புறம் என்ன ஆச்சு சார் என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். சிற்றம்பலம் கடையில் யாருடைய அப்பாவுக்கோ சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். உதட்டில் நாலு சின்ன ஆணிகள். என்னைப் பார்த்ததும் ஆணிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார்.

"வாங்க சகல. டீ சொல்லட்டுமா?"

"சிலிண்டர எப்ப மாத்துனீங்க?"

தெருவை ஒருதரம் பார்த்தார். இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அவருக்குப் பொய் வராது போலிருக்கிறது.

"கார்த்திகையில. கீழ வீதியில போயிகினு இருக்கேன், எளநி வண்டி ஒண்ணு குறுக்க வந்துச்சி. மிதிச்சேன். பெடலு தரைக்குப் போயிட்டுது. திரும்ப மிதிச்சேன், அப்பவும் தரைக்கு. ஹேண்ட் பிரேக்க இழுத்து, போயி முட்டிதான் நின்னுது. பதினாலு எளநி ஒடஞ்சிது. ஆளுக்கு ஒண்ணும் ஆகல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க எலையிலேருந்து எழுந்துருவீங்க. அத்தை அழுவாங்க. திலகா எங்கிட்ட சண்டைக்கு வருவா. புதுசு போட்டுட்டா முடிஞ்சிது."

"அந்த மண்ணு?"

அவர் வெட்கப்பட்டார். "மெக்கானிக்கு மாட்டேன்னுட்டான் சகல. புது சாமான்ல அழுக்கு பூசச் சொல்ற மொத ஆளு நீங்கதான்னான். நீங்க கோணி விரிச்சிப் படுத்துப் பாப்பீங்களே. பளிச்சின்னு இருந்தா கண்டுபுடிச்சிருவீங்க. அதான் நானே படுத்துப் பூசுனேன். ஒரு சட்ட வீணாப்போச்சி."

படத்துக்கு மேல் படமாகப் பளபளவென்று சட்டம் போட்டு வைத்திருந்த கடை. எதையும் மினுக்காமல் விடாத அந்த ஆள் ரோட்டுப் புழுதியை அள்ளிப் புது இரும்பின் மேல் அப்பிக்கொண்டு கிடந்ததை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

"அன்னிக்கி ரோட்டுல உண்மையச் சொல்லியிருக்கலாமே."

"புள்ள எதிர்க்க என்னத்தச் சொல்றது? உங்க கையி அப்படி நடுங்கிகினு இருந்துச்சி." ஆணி ஒன்றை எடுத்துச் சட்டத்தின் மூலையில் வைத்தார். "இத இத்தோட விட்ருங்க சகல. வண்டி உங்ககிட்ட இருக்கறதுதான் சரி. எனக்கு அத நிறுத்தவே கடைக்கு முன்னால எடம் இல்ல."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பேன். டீ வாங்கிக் கொடுத்துப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார். சன்னலோரம் இடம் கூடப் பிடித்துக் கொடுத்தார். அவருக்குச் சேர வேண்டிய நல்ல பேரை நான் பதினோரு பேரிடம் என்னுடையதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறார். இந்த மனுஷருக்கு நான் கடன்பட்டுக் கிடக்க முடியாது என்று மட்டும் தோன்றியது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதை நேர்மை என்று அப்போது நினைத்தேன். பாதி ரோஷம்தான்.

மாசி கடைசி. நெல்லிக்குப்பத்தில் சாப்பாடு முடிந்து, தாம்பூலத் தட்டில் ஆர்.சி. புத்தகத்தையும் பாரத்தையும் வைத்து ரத்தினம்மாள் என் முன்னால் நீட்டினார். நான் தட்டைத் தொடவில்லை.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். நான் போட்ட பிரேக்கு கார்த்திகையிலேயே கெட்டுப்போச்சி. சகலதான் புதுசு வாங்கிப் போட்டிருக்காரு. எனக்குத் தெரியக் கூடாதுன்னு அடியில படுத்து மண்ணப் பூசியிருக்காரு. அன்னிக்கி நம்மள காப்பாத்துனது அவரு போட்ட பிரேக்கு. வண்டி அவருக்குத்தான் சேரணும்."

ரத்தினம்மாளின் கண் கலங்கியது.

"பாருடி சௌந்தரம். வண்டி கைக்கு வர்ற நேரத்துலயும் சின்னவரு மனசு நோவக் கூடாதுன்னு பேர அவருக்குத் தூக்கிக் குடுக்கறாரு. இவர முன்கோபின்னு சொன்ன வாய நான் கழுவணும்."

"நெசம் அத்தை. மெக்கானிக்க வேணா கேளுங்க."

"அவுங்க நீங்க சொல்லச் சொன்னதச் சொல்லுவாங்க."

திலகவதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இவரு கார் அடியில படுத்தாராமா? கட்டிலுக்கு அடியில போன ரிமோட்ட எடுக்க என்னத்தான் கூப்புடுவாரு. போங்க மாமா, சொன்னாலும் நம்பற மாதிரி சொல்லுங்க."

நான் சிற்றம்பலத்தைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். என் ஆயுசில் அந்த ஆளிடம் நான் எதையும் கெஞ்சியதில்லை. அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"சகல சும்மா சொல்றாரு அத்தை," என்றார். "எனக்கு ஹார்ன் எங்க இருக்குதுன்னு தெரியும். சிலிண்டரு எந்தப் பக்கம்னு யாரு கண்டா."

எல்லோரும் சிரித்தார்கள். ரத்தினம்மாள் எனக்குத் திருஷ்டி கழித்தார். பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். கோபத்தில் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வண்டி மேல் ஆசையும் இருந்தது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. சொல்லாமல் இருந்திருந்தால் திறமைசாலி என்ற பேர் மட்டும்தான் தப்பாக வந்திருக்கும். சொன்னதால் நல்லவன் என்ற பேரும் சேர்ந்துகொண்டது.

நாலு மணிக்குக் கிளம்பினோம். சரண்யா பின் சீட்டில் வெல்வெட்டில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். சௌந்தரம் என் பக்கத்தில். வரகால்பட்டு தாண்டியதும் கேட்டாள்.

"நீங்க சொன்னது நெசமா?"

"நெசம்."

"எனக்கும் நெசம்னுதான் தோணுச்சி. நல்ல பேரு வாங்கறதுக்காக உங்களுக்குப் பொய் சொல்ல வராது." கொஞ்ச தூரம் போனோம். "ஐப்பசியில நீங்க போட்டீங்க. கார்த்திகையில அவரு மாத்துனாரு."

"ஆமா."

"அப்ப ஐப்பசி முழுக்கப் புள்ளய டியூஷனுக்கு எந்தப் பிரேக்குல கூட்டிகினு போனீங்க? அத்தன மழையில."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஒரே மிதியில் நின்றது. பட்டறைப் பள்ளத்தில் அந்தச் சிலிண்டரைப் பார்த்த நாளிலிருந்து ராப்பகலாக யோசித்திருந்தேன். பேர் யாருக்கு, நன்றி யாருக்கு, யாருக்கு யார் கடன் என்று எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்திருந்தேன். இந்த ஒரு பக்கம் எனக்குத் தோன்றவே இல்லை. காலை ஐந்தரை மணிக்கு, வைப்பர் சரியாக ஓடாத கண்ணாடியோடு, பஸ்ஸும் லாரியும் வரும் ரோட்டில், பக்கத்தில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு சரண்யா. பெடலை நான் இரண்டு தரம் மிதிப்பதைப் பார்த்து அவளும் ஒருநாள் கேட்டாள். அவளுக்கும் ரப்பர் பாடம் நடத்தினேன்.

எனக்கு அழுகை வந்தது. சௌந்தரம் அதைப் பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். பின் கதவைத் திறந்து, தூங்குகிற பெண்ணின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போங்க," என்றாள்.